தரவுத்தளமும் டிரைவரும்: எதனோடு எது ஓடும்?

“அடுத்த மாதம் ஆரக்கிளை 19சி-க்கு மாற்றுகிறோம். உங்கள் அப்ளிகேஷன் ஓடுமா?” டிபிஏ குழுவிடமிருந்து இப்படி ஒருவரி மின்னஞ்சல் வரும். பதிலும் ஒருவரியில் வேண்டும் என்பார்கள். அவசரப்பட்டு ‘ஓடும்’ என்று எழுதிவிட வேண்டாம். தரவுத்தளத்தின் பதிப்பு பாதிக் கேள்விதான். எந்த டிரைவர் வழியாகப் பேசுகிறீர்கள், அந்த டிரைவர் எந்த ஜாவாவில் அல்லது டாட்நெட்டில் ஓடுகிறது, மென்பொருளை விற்ற நிறுவனம் எந்தச் சேர்க்கைக்குப் பொறுப்பேற்கிறது என்ற மூன்றும் தெரிந்தால்தான் பதில் எழுத முடியும். நான்கில் ஒன்று நகர்ந்தாலும் மற்ற மூன்றையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்கிரேட் செய்த இரவிலேயே உடைவது அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. எல்லோரும் விழித்திருப்பார்கள், பழைய நிலைக்குத் திரும்பும் திட்டமும் கையில் இருக்கும். மூன்று மாதம் கழித்து, எல்லோரும் அதை மறந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உடைவதுதான் ஆளைக் கொல்லும். அதனால் இந்த அத்தியாயம் தாமதமாக வரும் கோளாறுகளுக்கே அதிக இடம் தருகிறது. ஜாவா உதாரணங்கள் அதிகமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: டிரைவர் ஜாரை யாரோ ஒருவர் எப்போதோ கையால் கொண்டுபோய் வைத்துவிட்டு வேலை மாறிப் போயிருப்பது அங்கேதான் வழக்கம்.

இப்போது எது ஓடுகிறது?

ஆரக்கிள் டிரைவரின் கோப்புப் பெயரிலுள்ள எண்ணைத் தரவுத்தளப் பதிப்பு என்று நினைப்பவர்கள் இன்றும் நிறைய. ஓஜேடிபிசி6, ஓஜேடிபிசி8, ஓஜேடிபிசி11 என்பவற்றில் வரும் எண் ஜாவாவின் பதிப்பைக் குறிக்கிறது. ஓஜேடிபிசி11 என்றால் ஆரக்கிள் 11ஜி-க்கானது என்று பொருளல்ல. அது ஜாவா 11-க்கானது, 21சி தலைமுறையில் வந்தது. ஆரக்கிள் 11ஜி-யோடு வந்தவை ஓஜேடிபிசி5-உம் ஓஜேடிபிசி6-உம். இன்னொரு குழப்பம், ஒரே பெயரில் வெவ்வேறு தலைமுறைகள் இருப்பது. ஓஜேடிபிசி6 என்ற பெயரிலேயே 11.2-க்கும் 12.1-க்கும் தனித்தனிக் கோப்புகள் உண்டு. ஓஜேடிபிசி8 12.2-இல் தொடங்கி 19சி, 21சி என்று நீள்கிறது. ஆகவே “எங்களிடம் ஓஜேடிபிசி8 இருக்கிறது” என்பது பதிலே ஆகாது. ஜாரைத் திறந்து உள்ளேயிருக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் இம்ப்ளிமென்டேஷன் வெர்ஷன் என்ற வரியைப் பாருங்கள். ஆரக்கிள் ஜாராக இருந்தால் அதை ஜாவா கட்டளையால் நேரடியாக இயக்கினாலே பதிப்பைச் சொல்லிவிடும். மைக்ரோசாஃப்ட் டிரைவர் இந்த விஷயத்தில் நாணயமானது: டிரைவர் பதிப்பு, ஜாவா பதிப்பு இரண்டையும் கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுகிறது.

கோப்பைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். டாம்கேட்டின் லிப் கோப்புறையில் ஒன்றும் அப்ளிகேஷனின் சொந்த லிப்பில் இன்னொன்றும் இருக்கும்போது, எது நினைவகத்தில் ஏறியது என்பதைக் கோப்புறைப் பட்டியல் சொல்லாது. சர்வரைக் கேட்பதே நம்பகமான வழி. ஆரக்கிளில் வி-டாலர் செஷன் கனெக்ட் இன்ஃபோ என்ற வியூவில் கிளையன்ட் வெர்ஷன், கிளையன்ட் டிரைவர் என்று இரண்டு நெடுவரிசைகள் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவுக்குள் செஷன் கனெக்ட் ஆட்டர்ஸ் என்ற அட்டவணை, இணைந்திருக்கும் ஒவ்வொரு கிளையன்ட்டின் பெயரையும் பதிப்பையும் காட்டும். எஸ்க்யூஎல் சர்வரில் செஷன்களுக்கான டிஎம்வி-யைப் பாருங்கள். வேலை நாள் ஒன்றிலும் மாதக் கடைசியிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சேமித்து வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஓடும் பில்லிங் வேலை, யாருடைய பட்டியலிலும் இல்லாத எக்செல் ஓடிபிசி இணைப்பு, ஓய்வுபெற்றுவிட்டதாக எல்லோரும் நம்பும் ஒரு பழைய ரிப்போர்ட் சர்வர் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

லாகினில் உடைவது

டிரைவர் பொருந்தாமை பெரும்பாலும் முதலில் தலைகாட்டும் இடம் லாகின். கடவுச்சொல்லை எப்படிச் சேமிப்பது, எப்படிச் சரிபார்ப்பது என்பதைத் தரவுத்தளங்கள் கடந்த 10 ஆண்டுகளில் இறுக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. பழைய டிரைவருக்கு அந்தப் புது முறை தெரியாது.

மைஎஸ்க்யூஎல் 8.0 2018 ஏப்ரலில் வந்தபோது இயல்பான சரிபார்ப்பு முறை, பழைய நேட்டிவ் பாஸ்வேர்டிலிருந்து கேச்சிங் ஷா2-வுக்கு மாறியது. பழைய டிரைவர்கள் பிளகினை ஏற்ற முடியவில்லை என்று நின்றன. பலர் செய்த வைத்தியம், அந்தப் பயனரை மட்டும் நேட்டிவ் பாஸ்வேர்டுக்கே திருப்பியது. அன்றைக்கு வேலை நடந்தது. ஆனால் 8.4-இல் நேட்டிவ் பாஸ்வேர்டு இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது, 9.0-இல் நீக்கப்பட்டேவிட்டது. அந்த வைத்தியத்தை இன்னும் வைத்திருப்பவர்கள் அடுத்த அப்கிரேடில் அதே சுவரில் மறுபடி முட்டுவார்கள். உங்கள் பயனர் பட்டியலில் எத்தனை பேர் நேட்டிவ் பாஸ்வேர்டில் இருக்கிறார்கள் என்று இன்றே ஒரு கேள்வி ஓட்டிப் பார்க்கலாம்.

போஸ்ட்கிரெஸ் கதை இதைவிட நுட்பமானது. ஸ்க்ராம் முறை 2017-இல் பதிப்பு 10-இலேயே வந்துவிட்டது. ஆனால் 2021-இன் பதிப்பு 14-இல்தான் அது கடவுச்சொல் சேமிப்பின் இயல்பான முறையானது. இப்போது 13-இலிருந்து 14-க்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். பயனர்களின் கடவுச்சொற்கள் எம்டி5 வடிவிலேயே புது சர்வருக்கு வந்து சேரும். அனுமதிக் கோப்பில் எம்டி5 என்றே எழுதியிருக்கிறது. பழைய டிரைவர் நன்றாக இணைகிறது. அப்கிரேட் வெற்றி என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் போகிறது. 90 நாளில் பாதுகாப்புக் குழு கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறது. மாற்றுகிறீர்கள். புதுக் கடவுச்சொல் ஸ்க்ராம் வடிவில் பதிகிறது, அந்த நொடியிலிருந்து பழைய டிரைவரால் உள்ளே போக முடியாது. தரவுத்தளத்தை அன்று யாரும் தொடவில்லை, டிரைவரையும் தொடவில்லை, கடவுச்சொல்லைச் சரியாகத்தான் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

வரும் பிழைச் செய்தியும் உதவாது. ‘சரிபார்ப்பு வகை 10-க்கு ஆதரவில்லை’ என்று தொடங்கி, அனுமதிக் கோப்பில் உங்கள் ஐபி முகவரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும். ஆட்கள் அந்தக் கோப்பைத் திருத்தத் தொடங்குவார்கள். அவசரத்தில் ‘டிரஸ்ட்’ என்று எழுதிக் கதவையே கழற்றி வைத்தவர்களும் உண்டு. 10 என்ற எண்ணைக் கண்டாலே ஐபி முகவரியை விட்டுவிட்டு டிரைவரைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் ஜேடிபிசி டிரைவர் 42.2.0-இலிருந்து ஸ்க்ராம் அறியும். அதிலும் ஒரு கொக்கி: அந்த ஆதரவு ஜாவா 8-க்கான ஜாரில்தான் வந்தது. ஜாவா 7-இல் ஓடும் பழைய அப்ளிகேஷன் என்றால் டிரைவரை மாற்ற ஜாவாவை மாற்ற வேண்டும், ஜாவாவை மாற்ற அப்ளிகேஷன் சர்வரை மாற்ற வேண்டும். மதிப்பீட்டில் ‘டிரைவர் மாற்றம், அரை நாள்’ என்று எழுதியிருப்பீர்கள். யார் எம்டி5-இல் இருக்கிறார்கள், யார் ஸ்க்ராமில் என்பதை அப்கிரேடுக்கு முன்பே பிஜி ஆத் ஐடி அட்டவணையில் பார்க்கலாம். கடவுச்சொல்லின் சேமித்த வடிவம் எந்த எழுத்துகளில் தொடங்குகிறது என்பதே சொல்லிவிடும்.

ஆரக்கிளிலும் இதே போக்குதான். 12.2-இலிருந்து சர்வர் இயல்பாகவே பழைய லாகின் நெறிமுறைகளை மறுக்கிறது. பழைய டிரைவர் வந்தால் ஓஆர்ஏ-28040 என்று திருப்பி அனுப்பும். இது தெளிவான பிழை, எதைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். தெளிவில்லாதது ஓஆர்ஏ-01017. ‘பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு’ என்று அது சொல்லும். கடவுச்சொல்லோ சரியாக இருக்கும். அந்தக் கணக்கில் 10ஜி வடிவிலான ஹாஷ் மட்டும் இருந்து, புதிய சர்வர் அதை ஏற்காததால் வந்திருக்கும். டிபிஏ யூசர்ஸ் வியூவில் பாஸ்வேர்டு வெர்ஷன்ஸ் என்ற நெடுவரிசையை அப்கிரேடுக்கு முன் ஒருமுறை பார்த்தால் போதும். ‘10ஜி’ என்று மட்டும் இருக்கும் கணக்குகளின் கடவுச்சொல்லை முன்கூட்டியே மாற்றச் சொல்லுங்கள். சர்வரின் அனுமதி அளவைத் தாழ்த்துவது தற்காலிக வழி. தாழ்த்துகிறவர்கள் அதை எடுக்க வேண்டிய தேதியையும் அமைப்புக் கோப்பிலேயே கமென்ட்டாக எழுதி வைப்பது நல்லது.

டிஎல்எஸ் பற்றி இரண்டு செய்திகள். 2021 ஏப்ரலில் வந்த ஜாவா 8 அப்டேட் 291-உம் ஜாவா 11.0.11-உம் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் இயல்பாக அணைத்தன. வழக்கமான காலாண்டு பேட்ச் என்று போட்டவர்களின் அப்ளிகேஷன், மறுநாள் பழைய எஸ்க்யூஎல் சர்வரோடு இணைய மறுத்தது. தரவுத்தளம் மாறவில்லை, டிரைவர் மாறவில்லை, டிரைவருக்கு அடியிலிருந்த ஜாவாவின் கடைசி எண் மாறியது. மற்றது, எஸ்க்யூஎல் சர்வர் ஜேடிபிசி டிரைவர் 10.2-உம் ஓடிபிசி டிரைவர் 18-உம் மறையாக்கத்தை இயல்பாகவே கட்டாயமாக்கின. சர்வரில் சுயமாகக் கையெழுத்திட்ட சான்றிதழ்தான் இருக்கிறது என்றால் இணைப்பு நிற்கும். சான்றிதழைச் சரிபார்க்காமல் நம்பச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தால் ஓடிவிடும், பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். டெஸ்ட் சர்வரில் செய்யுங்கள். புரொடக்‌ஷனுக்கு முறையான சான்றிதழ் வாங்க இரண்டு வாரம் ஆகும் என்றால் அப்கிரேட் தேதியை இரண்டு வாரம் தள்ளுங்கள்.

இணைந்த பிறகு

லாகின் தாண்டிவிட்டால் பொருந்திவிட்டது என்று பெரும்பாலான குழுக்கள் முடிவுகட்டுகின்றன. உண்மையான சோதனை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தவறான விடையை எந்தப் பிழையும் காட்டாமல் தரும் இடங்கள் சில உண்டு, அவற்றில் பெரும்பாலானவை தேதியையும் நேரத்தையும் சுற்றியே இருக்கின்றன.

ஆரக்கிளின் டேட் வகை நேரத்தையும் சேர்த்தே வைத்திருக்கும். 9.2 முதல் 10.2 வரையிலான டிரைவர்கள் அதை ஜாவாவின் வெறும் தேதி வகையாகத் திருப்பித் தந்தன; நேரம் கழன்றுவிடும். 11.1-இலிருந்து டைம்ஸ்டாம்ப்பாகத் தருகின்றன. பழைய டிரைவரோடு எழுதிய ரிப்போர்ட் ஒன்று, ஒரு நாளின் ரசீதுகளைத் தேதி வாரியாகத் தொகுத்துக்கொண்டிருக்கும். டிரைவரை மாற்றியதும் ஒவ்வொரு ரசீதும் தன் நிமிடத்தோடு வந்து தனித்தனிக் குழுவாக நிற்கும். மொத்தத் தொகை சரியாக இருக்கும், பக்கங்கள் மட்டும் பத்து மடங்காகும்.

மைஎஸ்க்யூஎல் கனெக்டரில் இன்னும் சிறிய தாவலில் இது நடந்தது. 8.0.22-இல் டேட்டைம் நெடுவரிசையைப் பொதுவான கெட் ஆப்ஜெக்ட் அழைப்பில் கேட்டால் டைம்ஸ்டாம்ப் வரும். 8.0.23-இல் லோக்கல் டேட்டைம் வரும். மூன்றாம் இலக்கம் மாறுவது வெறும் பிழைத்திருத்தம் என்ற நம்பிக்கையில் பில்ட் கருவியைத் தானாக அப்டேட் செய்ய விட்டவர்களுக்குக் காஸ்ட் எக்ஸப்ஷன் வந்து விழுந்தது. பிழையாவது வந்தது என்று சந்தோஷப்பட வேண்டிய வகை இது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. கனெக்டர் 8-இன் ஆரம்பப் பதிப்புகள், சர்வரின் நேர மண்டலம் ‘ஐஎஸ்டி’ என்றிருந்தால் அதை அடையாளம் காண முடியவில்லை என்று இணைப்பையே மறுத்தன. இஸ்ரேலும் அயர்லாந்தும் அதே மூன்றெழுத்தைத்தான் தங்கள் நேரத்துக்குப் பயன்படுத்துகின்றன. தேடினால் கிடைக்கும் முதல் தீர்வு, சர்வர் டைம்ஜோன் என்ற அமைப்பில் யுடிசி என்று எழுதச் சொல்லும். எழுதினால் பிழை போய்விடும். ஆனால் சர்வர் இந்திய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால், காலை 10 மணிக்குப் பதிந்த பழைய ஆர்டரை டிரைவர் யுடிசி 10 மணி என்று படித்துத் திரையில் மாலை 3.30 என்று காட்டும். புதிதாக எழுதும் பதிவுகள் எதிர்ப்பக்கம் ஐந்தரை மணி நேரம் நகர்ந்து சேமிக்கப்படும். அவற்றை அதே அப்ளிகேஷன் திரும்பப் படித்தால் சரியாகவே காட்டும் என்பதால் சந்தேகமும் வராது. எழுத வேண்டியது ஆசியா/கொல்கத்தா. யுடிசி போட்டுச் சில வாரம் ஓடிவிட்டது என்றால், மாற்றும் முன் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை கலப்படம் என்று பிரித்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள். அதற்கு முன் மாற்றினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

எஸ்க்யூஎல் சர்வரில் பதிப்பு வேறு, கம்பாட்டிபிலிட்டி லெவல் வேறு. 2012-இலிருந்து 2019-க்குக் கொண்டுபோன தரவுத்தளம் 110 என்ற பழைய லெவலிலேயே நிம்மதியாக ஓடும். யாராவது ஒருநாள் வேகம் கூடட்டும் என்று அதை 150-க்கு உயர்த்துவார். வினவல்களின் செயல்திட்டம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, 130-இலிருந்து டேட்டைம் மதிப்பு டேட்டைம்2-ஆக மாற்றப்படும் விதம் மாறுகிறது என்பது. டேட்டைம் ஒரு நொடியை 300 பாகமாகப் பிரித்து வைப்பது; மில்லிநொடியின் கடைசி இலக்கம் 0, 3, 7 மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். .333 என்று முடியும் மதிப்பு பழைய லெவலில் .3330000 என்று மாறும், புதிய லெவலில் .3333333 என்று மாறும். ஜேடிபிசி டிரைவர் ஜாவாவிலிருந்து அனுப்பும் நேரத்தை டேட்டைம்2-ஆக .3330000 என்றே அனுப்புகிறது. ‘கடைசியாக மாற்றிய நேரம் இன்னும் இதுதானா’ என்று ஒப்பிட்டுச் சேமிக்கும் அப்ளிகேஷன்களில் ஒப்பீடு தோற்கும். ‘இந்தப் பதிவை வேறொருவர் மாற்றிவிட்டார்’ என்று திரையில் வரும், வேறு யாரும் மாற்றியிருக்கமாட்டார்கள். கடைசி இலக்கம் 0-ஆக இருக்கும் பதிவுகள் மட்டும் ஒழுங்காகச் சேமிக்கப்படும். ஹெல்ப் டெஸ்க்கில் இது ‘சில சமயம் வருகிறது, சில சமயம் வருவதில்லை’ என்ற தலைப்பில் திறந்திருக்கும். நெடுவரிசையை டேட்டைம்2-ஆக மாற்றுவதே நிலையான தீர்வு. புதிய டிரைவர்களில் டேட்டைமாகவே அனுப்பச் சொல்லும் அமைப்பும் உண்டு.

இவற்றோடு ஒப்பிட்டால் மைஎஸ்க்யூஎல் 8.0-இல் ‘குரூப்ஸ்’, ‘ரேங்க்’ போன்றவை ஒதுக்கப்பட்ட சொற்களானது சின்ன விஷயம். அந்தப் பெயரில் அட்டவணை வைத்திருந்தால் முதல் வினவலிலேயே தெரிந்துவிடும்.

விற்றவரின் அட்டவணை

எஸ்ஏபி இதை ப்ராடக்ட் அவைலபிலிட்டி மேட்ரிக்ஸ் என்கிறது. அட்லாசியன் சப்போர்ட்டட் பிளாட்ஃபார்ம்ஸ் என்ற பக்கத்தில் போடுகிறது. ஆரக்கிளின் கிளையன்ட்–சர்வர் அட்டவணை சப்போர்ட் தளத்தில் 207303.1 என்ற எண்ணில் இருக்கிறது. எந்தப் பெயரில் இருந்தாலும் படிக்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். தரவுத்தளப் பதிப்பைக் குறிப்பிட்டு டிரைவர் பதிப்பைப் பற்றிப் பேசாத அட்டவணை அரைகுறை. எந்த டிரைவரோடு சோதித்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘சான்றளிக்கப்பட்டது’ என்பதும் ‘ஆதரிக்கப்படுகிறது’ என்பதும் எல்லா நிறுவனத்திலும் ஒரே பொருளில் வருவதில்லை. சிலருக்குப் பின்னது ‘பிரச்சினை வந்தால் புகாரைப் பதிந்துகொள்வோம்’ என்ற அளவோடு நின்றுவிடும்.

டிரைவர் மென்பொருளோடே வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஜிராவை மைஎஸ்க்யூஎல்லோடு நிறுவுகிறவர்கள் உரிமக் காரணத்தால் டிரைவரைத் தாங்களே இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட மென்பொருளைப் புதுக் கோப்புறையில் அப்கிரேட் செய்யும்போது, பழைய கோப்புறையிலிருந்த ஜாரை யாராவது ‘காணோமே’ என்று நகலெடுத்துப் போடுவார்கள். புது மென்பொருள், 6 ஆண்டுப் பழைய டிரைவர் என்ற சேர்க்கை அப்படித்தான் பிறக்கிறது.

எதை முதலில்?

டிரைவரை முதலில், தனியாக. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. புதிய டிரைவர் பழைய சர்வரோடு பேசுவதுதான் பொதுவாக எளிது. பழைய டிரைவருக்குப் புதிய சர்வரின் மொழி தெரியாது. பழைய தரவுத்தளத்தோடு புதிய டிரைவரைப் போட்டு ஒரு மாதக் கடைசியைத் தாண்டவிடுங்கள். டேட், டைம்ஸ்டாம்ப் வகைக் கோளாறுகள் அப்போதே தெரியும், காரணம் டிரைவர்தான் என்பதிலும் ஐயம் இருக்காது. தரவுத்தளம் அதன் பிறகு. கம்பாட்டிபிலிட்டி லெவலை உயர்த்துவது, கடவுச்சொல் வடிவத்தை மாற்றுவது இரண்டும் மூன்றாம் கட்டம். அவற்றுக்கும் தேதி குறித்து, ஆள் நிறுத்தி, அப்கிரேட் மாதிரியே நடத்துங்கள்.

புதிய டிரைவர்களுக்கும் கீழ் எல்லை ஒன்று உண்டு. மிகப் பழைய ஆரக்கிளோடு புதிய கிளையன்ட்டை இணைத்தால் ஓஆர்ஏ-03134 வரும், இந்தச் சர்வர் பதிப்போடு இனிப் பேச்சில்லை என்று பொருள். அப்போது ஒரே தாவலில் போக முடியாது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நடுப் பதிப்பு டிரைவர் ஒன்றைத் தேடிப்பிடித்து, இரண்டு படியாகப் போக வேண்டும்.

டெஸ்ட் சர்வரில் கடவுச்சொல்லை ஒருமுறை மாற்றிப் பார்ப்பதைச் சோதனைப் பட்டியலில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதோடு, பழைய ஜாரைத் திரும்பப் போடத் தேவைப்படும் என்று லிப் கோப்புறைக்குள்ளேயே பெயர் மாற்றி வைக்க வேண்டாம். முன்னால் ‘பழைய’ என்று சேர்த்தாலும் கடைசியில் ஜார் என்று முடிந்தால் டாம்கேட் அதையும் ஏற்றிக்கொள்ளும். இரண்டில் எது முந்தும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. டெஸ்டில் ஒன்று முந்தி புரொடக்‌ஷனில் மற்றது முந்தலாம். கோப்புறைக்கு வெளியே, தேதியும் பதிப்பும் எழுதிய தனி இடத்தில் வையுங்கள்.